போல்ட்டுக்குள் எவ்வளவு புகை?

ஃபரீதாபாத்தில் நட்டும் போல்ட்டும் செய்யும் பட்டறை ஒன்றை நடத்திவருகிறார் நம் அன்பர் ஒருவர். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இருபது பேர் வேலை செய்கிறார்கள். செய்கிற சரக்கில் பாதி உள்ளூரில் போய்விடும். மீதி ஜெர்மனியில் ஒரு வியாபாரிக்குக் கப்பலேறும். 2024 தொடக்கத்தில் அந்த வியாபாரியிடமிருந்து அவருக்கு ஓர் எக்ஸெல் படிவம் வந்தது. ஒரு டன் போல்ட் செய்ய எத்தனை டன் கரியமில வாயு வெளியேறியது, கம்பி எந்த ஆலையில் உருக்கியது, நிலக்கரி உலையிலா மின்சார உலையிலா என்று பத்துப் பக்கத்துக்குக் கேள்விகள். நான் முப்பது வருஷம் ஏற்றுமதி டாக்குமெண்டுகளோடு மல்லுக்கட்டியவன் என்பதால் என்னிடம் கொண்டுவந்தார்.

"விலையைக் கேட்டிருக்காங்க, தரத்தைக் கேட்டிருக்காங்க. இப்பத்தான் சார் முதல் தடவையா புகையைக் கேட்கிறாங்க. இது டேக்ஸா, டூட்டியா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் பசுங்குடில் வாயுக்களை விற்று வாங்கும் சந்தையும், சரக்குகளை விற்று வாங்கும் சட்டமும் முட்டிக்கொள்ளும் இடம் சரியாக அந்தக் கேள்விதான். உத்யோக் பவனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம் சங்கத்திலேயே பலர் உண்டு. டங்கல் திட்டம் என்று நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஃபைல் தூக்கியவர்கள் அவர்கள். தவறு இருந்தால் திருத்தட்டும். எனக்குப் புரிந்தவரையில் எழுதுகிறேன்.

முதலில் புகைச் சந்தை. ரேஷன் கார்டு காலத்தில் டில்லிக்கு வந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நமக்குக் கிடைத்த கோதுமையைப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் கொடுத்துவிட்டு, அவர் பங்கு அரிசியை நாம் வாங்கிக்கொள்வோம். கடையில் இருக்கிற மொத்தம் கூடவில்லை, குறையவில்லை. தேவைப்பட்ட கைக்குத் தேவைப்பட்டது போய்ச் சேர்ந்தது. புகைச் சந்தையும் அப்படித்தான். இந்த வருஷம் நாட்டில் இவ்வளவு டன் கரியமில வாயுதான் வெளியேறலாம் என்று அரசு ஒரு மொத்த அளவை வைக்கிறது. அந்த அளவுக்குச் சீட்டுகளை வெளியிடுகிறது. ஒரு சீட்டுக்கு ஒரு டன். புகையைச் சுலபமாகக் குறைக்க முடிந்த ஆலை மிச்சமான சீட்டை விற்கும். குறைக்க முடியாத ஆலை வாங்கும். வருஷம் முடிந்ததும் விட்ட புகைக்குச் சமமாகச் சீட்டைக் கட்டவேண்டும்.

அமெரிக்கா இதை முதலில் கந்தக டை ஆக்ஸைடுக்குச் செய்து பார்த்தது. 1990ல் சட்டம் திருத்தி, 1995ல் மின் நிலையங்களுக்கு அமல்படுத்தினார்கள். அமில மழைக்கு நல்ல மருந்தாகவே அமைந்தது. 1997ல் கியோட்டோ ஒப்பந்தத்தில் பசுங்குடில் வாயுக்களுக்கும் இந்த வழி புகுந்தது. ஐரோப்பிய யூனியன் 2005ல் தன் சந்தையைத் திறந்தது. ஆரம்பத்தில் கேலிக்கூத்தாகத்தான் இருந்தது. ஆலைகள் கேட்ட அளவுக்குச் சீட்டுகளை வாரி வழங்கியதால், 2007ல் சீட்டின் விலை பூஜ்யத்தை ஒட்டி விழுந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை இறுக்கினார்கள். 2023 பிப்ரவரியில் ஒரு சீட்டு 100 யூரோவைத் தாண்டியது.

அங்கேதான் வினை. சீட்டு விலை ஏறினால் ஜெர்மனியில் இரும்பு காய்ச்சுகிறவன் செலவு ஏறும். செலவு இல்லாத நாட்டிலிருந்து இரும்பு வந்து இறங்கும். ஐரோப்பாவில் உலை மூடும், வேறெங்கோ அதே புகை எழும். இதைத் தவிர்க்க அவர்கள் கண்டுபிடித்த முதல் வழி, இரும்பு, சிமென்ட், அலுமினியம் ஆலைகளுக்குச் சீட்டை இலவசமாகவே கொடுத்துவிடுவது. சந்தையில் விலை உள்ள ஒரு பொருளை அரசு சும்மா கொடுத்தால் அது மானியம் ஆகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மானியத்துக்கு எதிராக உலக வர்த்தக அமைப்பில் தனி ஒப்பந்தமே இருக்கிறது. ஆனாலும் அந்தச் சந்தை தொடங்கி இருபது வருஷம் ஆன பிறகும் யாரும் அதன் மேல் அங்கே வழக்காடித் தீர்ப்பு வாங்கவில்லை. கண்ணாடி வீட்டில் எல்லோரும்தான் குடியிருக்கிறோம்.

இலவசச் சீட்டு கொடுத்தால் புகை குறையாது. நிறுத்தினால் ஆலை ஓடிப்போகும். ஆகவே இலவசத்தை நிறுத்திவிட்டு, அதே செலவை எல்லையில் வந்து இறங்கும் சரக்கின் மேலும் வைப்பது என்று முடிவு செய்தார்கள். 2023 மே மாதம் சட்டம் ஆயிற்று. ஏற்றுமதிக்காரர்கள் வாயில் அதன் பெயர் 'சீபாம்'. தமிழில் கரி எல்லைச் சரிக்கட்டு என்று சொல்லலாம். இரும்பும் உருக்கும், அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை இதில் அடங்கும். உருக்கு என்றால் தகடும் கம்பியும் மட்டும்தான் என்று நினைத்தவர்கள் உண்டு. திருகாணி, நட்டு, போல்ட்டு எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. 2023 அக்டோபர் முதல் 2025 கடைசி வரை கணக்கு மட்டும் காட்டினால் போதும் என்றார்கள். 2026 ஜனவரி 1 முதல் இறங்கும் சரக்குக்குப் பணம் உண்டு. அந்தச் சீட்டுகளை ஐரோப்பிய இறக்குமதியாளர் 2027 பிப்ரவரி முதல் வாங்கவேண்டும்.

எவ்வளவு பணம்? நம் நாட்டில் ஒரு டன் உருக்குக்குச் சராசரியாகச் சுமார் 2.5 டன் கரியமில வாயு வெளியாகிறது. உலகச் சராசரி 2 டன்னுக்குச் சற்றுக் குறைவு. சீட்டு 75 யூரோ என்று வைத்துக்கொள்வோம், யூரோவுக்கு நூறு ரூபாய் என்று உத்தேசமாகக் கணக்குப் போடுவோம். முழுச் சுமையும் வந்தால் டன்னுக்கு 18,750 ரூபாய். ஒரு டன் உருக்குத் தகடு ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி விற்கும் நாட்டில் இது சின்னத் தொகை அல்ல. முழுச் சுமையும் இப்போதே இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஐரோப்பிய ஆலைகளுக்கு இலவசச் சீட்டு எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்குத்தான் நமக்கும் ஏறும். 2026ல் இரண்டரை சதவீதம், 2030ல் 48.5, 2034ல் நூறு. ஆனால் இதில் ஒரு சூட்சுமம். இலவசம் என்பது ஒரு திறமையான ஆலை விடும் புகையை அளவுகோலாக வைத்துக் கொடுப்பது. அந்த அளவுகோலுக்கு மேலே நம் ஆலை விடும் புகைக்கு முதல் வருஷத்திலிருந்தே பணம் உண்டு. இரண்டரை சதவீதம்தானே என்று காலை நீட்டித் தூங்கியவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

கணக்குக் காட்டாவிட்டால் என்ன ஆகும்? ஐரோப்பாவே நம் நாட்டுச் சராசரி என்று ஓர் எண்ணை வைத்து, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டியும் போட்டுக்கொள்ளும். நம் பட்டறைக்காரருக்கு வயிற்றெரிச்சலே இதுதான். அவர் பட்டறையில் புகையே கிடையாது என்று சொல்லலாம். கம்பியை வாங்கிக் குளிர் நிலையிலேயே அடித்து, மரை போட்டு, சூடேற்றிப் பதம் பார்த்து, முலாம் பூசி அனுப்புகிறார். புகை எல்லாம் கம்பியை உருக்கிய ஆலையில். கம்பியை அவர் வாங்குவது ஸ்டாக்கிஸ்டிடம். ஒரு மாதம் ஓர் ஆலையின் சரக்கு, அடுத்த மாதம் வேறு ஆலை. பெரிய ஆலையிடம் போய், 'உங்கள் உலையின் புகைக் கணக்கைக் கொடுங்கள்' என்று ஐந்து டன் வாங்குகிறவர் கேட்டால் வாசல் காவலாளிகூடச் சிரிப்பான். பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கிய கம்பி என்றால் புகை பாதிக்கும் கீழே. ஆனால் அதை நிரூபிக்கும் காகிதம் அவர் கையில் இல்லை. சுத்தமான கம்பியில் செய்த போல்ட்டும் அழுக்கான எண்ணைச் சுமந்துகொண்டு கப்பலேறுகிறது.

2025ல் ஒரு சலுகை வந்தது. வருஷத்துக்கு 50 டன்னுக்குள் இறக்குமதி செய்தால் சீபாம் கிடையாது. இதைக் கேட்டு நம் சிறு தொழில் வட்டாரத்தில் பலர் லட்டு சாப்பிட்டார்கள். அந்த 50 டன் கணக்கு நம் பட்டறைக்கு அல்ல, அங்கே வாங்குகிறவருக்கு. அவர் உலகம் முழுவதிலிருந்தும் வாங்குவதைச் சேர்த்து 50 டன். மூன்று கன்டெய்னர் போல்ட் இறங்கினாலே தாண்டிவிடும்.

சரி, டேக்ஸா டூட்டியா என்பதற்கு வருவோம்.

1947ல் இந்தியா உட்பட 23 நாடுகள் சேர்ந்து செய்த காட் ஒப்பந்தம்தான், 1995 ஜனவரி 1ல் உலக வர்த்தக அமைப்பு பிறந்த பிறகும் அடிப்படைச் சட்டம். அதன்படி, இறக்குமதி வரி என்பது எல்லையில் போடுவது. ஒவ்வொரு நாடும் ஒரு பொருளுக்கு இதற்கு மேல் போகமாட்டேன் என்று உச்சவரம்பு எழுதிக் கொடுத்திருக்கிறது. அதைத் தாண்டினால் குற்றம். உள்நாட்டு வரி வேறு. உள்ளூர்ச் சரக்குக்கு எவ்வளவு வரியோ, அதே வகை இறக்குமதிச் சரக்குக்கும் அவ்வளவு போடலாம். அதிகமாகப் போடக்கூடாது, அவ்வளவே. இது நமக்குப் புதிதல்ல. ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் உள்ளூர்க் கலால் வரிக்கு ஈடாக இறக்குமதிக்கு 'கூடுதல் சுங்க வரி' என்று போட்டுக்கொண்டுதானே இருந்தோம்? 2017க்குப் பிறகு அதே இடத்தில் ஐ.ஜி.எஸ்.டி. வாங்குகிறோம். ஆக எல்லையில் சரிக்கட்டுவதே தப்பு என்று இந்தியா சொல்ல முடியாது.

ஐரோப்பா சொல்வது இதுதான்: நாங்கள் எங்கள் ஆலையிடம் வாங்குவதை உங்களிடமும் வாங்குகிறோம். இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 1986ல் அமெரிக்கா ரசாயனங்களுக்கு வரி போடும் சட்டத்தில், அந்த ரசாயனங்களைக் கொண்டு வெளிநாட்டில் தயாரான பொருள்களுக்கும் எல்லையில் ஈடு வாங்க வழி செய்தது. ஐரோப்பாவும் கனடாவும் மெக்சிகோவும் வழக்குப் போட்டன. அந்த ஈடு செல்லும் என்றது காட் நடுவர் குழு.

ஆனால் அந்த ரசாயனம் பொருளுக்குள் போன சரக்கு. புகை அப்படியா? போல்ட்டை அறுத்துப் பார்த்தாலும் அதில் கரியமில வாயு இல்லை. அது ஜார்கண்டிலோ ஒடிசாவிலோ புகைபோக்கி வழியாக மேலே போய்விட்டது. கலால் வரி போல்ட்டின் மேல் விழுவது, புகைச் சீட்டோ புகைபோக்கியின் மேல் விழுவது. 'ஒரே வகைச் சரக்கு' என்று சட்டம் சொல்லும்போது, எப்படிச் செய்தார்கள் என்பதை வைத்துச் சரக்கைப் பிரிக்கலாமா? சுத்தமான போல்ட்டும் அழுக்கான போல்ட்டும் ஒரே போல்ட்டா, இரண்டா? வாங்குகிறவர் கையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஜெனிவாவில் இந்தியா பல வருஷங்களாகப் பிடித்துக்கொண்டிருக்கும் கட்சி, செய்முறையை வைத்துப் பிரிக்காதே என்பது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2012ல் ஐரோப்பா தன் புகைச் சந்தையை விமானங்களுக்கும் நீட்டியது. டில்லியிலிருந்து லண்டன் போகும் விமானம், நம் வானத்தில் விட்ட புகைக்கும் சேர்த்துச் சீட்டுக் கட்டவேண்டும் என்றது. அமெரிக்க விமானக் கம்பெனிகள் இதை எதிர்த்து வழக்காடின. விமான எரிபொருளுக்கு வரி போடுவதில்லை என்று ஒப்பந்தம் இருக்கிறதே என்று கேட்டன. 2011 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன பதில்: புகைச் சீட்டு வரியல்ல, கட்டணமும் அல்ல, அதன் தொகை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டதல்ல, சந்தையில் ஏறி இறங்குவது. விமானத்துக்கு வரியல்ல என்று ஜெயித்தவர்கள், போல்ட்டுக்கு வரும்போது உள்நாட்டு வரிக்குச் சமமானது என்று வாதாடவேண்டியிருக்கிறது. நம் பட்டறைக்காரர் கேட்டது எவ்வளவு கூர்மையான கேள்வி என்று இப்போது தெரிகிறதல்லவா?

அந்த விமான விவகாரத்தில் நாம் பணியவில்லை. 2011 செப்டம்பரில் டில்லியிலேயே பல நாடுகள் கூடி எதிர்த்தன. நம் கம்பெனிகள் கணக்குக் கொடுக்கக்கூடாது என்று இந்திய அரசு தடுத்தது. சீனாவும் தடுத்தது. 2012 நவம்பரில் ஐரோப்பா, கண்டத்துக்கு வெளியே போய்வரும் விமானங்களை நிறுத்தி வைத்தது. அதே மாதிரி இப்போதும் முறைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது என்பது என் எண்ணம். விமானம் நம்முடையது, கணக்குக் கொடுக்காதே என்று அரசு சொன்னால் முடிந்தது. போல்ட்டுக்குச் சீட்டு வாங்குகிறவர் ஜெர்மனி வியாபாரி. அவருக்கு நம் அரசு உத்தரவு போட முடியாது. நாம் கணக்குக் கொடுக்காவிட்டால் அவர் துருக்கியில் வாங்கிக்கொள்வார்.

வரி என்று நிரூபிக்க முடியாமல் போனாலும் ஐரோப்பாவுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. காட் ஒப்பந்தத்தின் இருபதாவது பிரிவு. உயிர்களைக் காப்பதற்கும், தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளத்தைக் காப்பதற்கும் விதிகளை மீறலாம் என்கிறது அது. ஒரு நிபந்தனை: நாட்டுக்கு நாடு நியாயமில்லாத பாரபட்சம் கூடாது, மறைமுக வியாபாரத் தடையாக இருக்கக்கூடாது. இந்தக் கதவு எவ்வளவு அகலம் என்று உலகத்துக்குக் காட்டிய வழக்கில் இந்தியாவே ஒரு வாதி. ஆமை வழக்கு என்று பெயர் பெற்றது.

கடல் ஆமை வலையில் சிக்கிச் சாகாமலிருக்க, இழுவலையில் ஆமை தப்பிக்கும் ஓர் இரும்புக் கம்பி வாசல் பொருத்தவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அப்படிப் பிடிக்காத நாடுகளின் கடல் இறாலுக்குத் தடை விதித்தார்கள். இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் சேர்ந்து வழக்குப் போட்டன. நம் கட்சி அதே பழைய கட்சிதான்: இறால் இறால்தான், எப்படிப் பிடித்தாய் என்று கேட்காதே. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமைப்பு தீர்ப்புச் சொன்னது. நாம் ஜெயித்தோம். பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் தீர்ப்பை உட்கார்ந்து படித்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ஆமையைக் காப்பாற்றுவதற்காக, பிடிக்கும் முறையை வைத்து இறாலைப் பிரிப்பது இருபதாவது பிரிவுக்குள் வரலாம் என்றது அமைப்பு. அமெரிக்கா தோற்றது வேறு காரணத்தால்: கரீபியன் பக்கத்து நாடுகளோடு பேச்சு நடத்தி மூன்று வருஷ அவகாசம் கொடுத்துவிட்டு, ஆசிய நாடுகளுக்கு நான்கே மாதம் கொடுத்தது. தன் முறையை அப்படியே நகலெடு என்றும் வற்புறுத்தியது. அமெரிக்கா விதியைத் திருத்தியது. அதே பலன் தரும் வேறு முறையும் சரி என்றது. மலேசியா மறுபடியும் வழக்குப் போட்டது, 2001ல் தோற்றது. தடை நிலைத்தது. 2019ல் இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்காவில் மீண்டும் கதவு அடைபட்டதும் இந்த ஆமையை வைத்துத்தான்.

சீபாம் சட்டத்தை எழுதியவர்கள் அந்த ஆமைத் தீர்ப்பை வரிக்கு வரி படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே ஆலை கரிக்கு விலை கொடுத்திருந்தால், அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 'உன் முறையிலேயே செய், அதே பலன் இருந்தால் போதும்' என்ற அதே சொல்.

அப்படியும் ஓட்டைகள் இருக்கின்றன. நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளுக்கு விலக்கு. அவை ஐரோப்பியப் புகைச் சந்தையில் சேர்ந்தோ அதோடு இணைந்தோ இருக்கின்றன. ஒரு நாட்டுக்குக் கொடுத்த சலுகையை எல்லா நாட்டுக்கும் கொடு என்பது காட் ஒப்பந்தத்தின் முதல் பிரிவு. மிக வறிய நாடுகளுக்கோ விலக்கு இல்லை. அலுமினியத்தை நம்பியிருக்கும் மொசாம்பிக்குக்கும் அதே தராசுதான்.

எனக்கு மனம் ஒப்பாத இடம் இது. 1992ல் ரியோவில் உலக நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம், பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் அவரவர் நிலைக்கேற்ப வேறுபட்டது என்கிறது. ஓர் இந்தியர் பங்குக்கு வருஷத்தில் சுமார் 2 டன் கரியமில வாயு. ஓர் ஐரோப்பியருக்கு அதைப்போல் இரண்டரை மடங்கு. ரியோ சொல்வது, வேறுபாடு காட்டு என்று. ஜெனிவா சொல்வது, வேறுபாடு காட்டாதே என்று. இறக்குமதிக்குப் போடும் சுமை ஜெனிவாவில் நிற்கவேண்டுமானால் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே கணக்காக இருக்கவேண்டும். அப்படி இருந்தால் ரியோவில் உதைக்கும். இத்தனைக்கும் பாரபட்சம் கூடாது என்ற அந்த இருபதாவது பிரிவின் சொற்களையே ரியோ ஒப்பந்தமும் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. எழுதியவர்களுக்கு இந்த மோதல் அன்றே தெரிந்திருக்கிறது.

நாமும் ஒருகாலத்தில் இதே சந்தையில் விற்றவர்கள்தான். கியோட்டோ ஏற்பாட்டில் நம் திட்டங்கள் புகையைக் குறைத்தால், அந்தக் குறைவை ஐரோப்பிய ஆலைகள் காசு கொடுத்து வாங்கும். நாம் தினமும் ஏறும் டில்லி மெட்ரோ பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திருப்பி எடுக்கிறதே, அதற்கு 2007ல் அப்படிப் பதிவு கிடைத்தது. தமிழ்நாட்டு நூற்பாலைகளின் காற்றாலைகளும் பதிவாயின. குளிர்பதன வாயு செய்யும் ஆலைகள் சில, கரியமில வாயுவைப்போல் பதினோராயிரம் மடங்கு சூடேற்றும் ஒரு கழிவு வாயுவை எரித்தே கொழுத்த பணம் பார்த்தன. அந்த வாயுவுக்காகவே ஆலை ஓட்டுகிறார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்து, 2013ல் ஐரோப்பா அந்த வகைச் சீட்டைத் தடுத்தது. அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கூடவே, 2012க்குப் பிறகு பதிவாகும் புதுத் திட்டங்களில் மிக வறிய நாடுகளுடையதை மட்டும் வாங்குவோம் என்று நம்மையும் வெளியே தள்ளினார்கள். விலை ஒரு யூரோவுக்கும் கீழே போயிற்று. 2020க்குப் பிறகு வெளிநாட்டுச் சீட்டே வேண்டாம் என்றார்கள். ஒரு நாடு நம் வெங்காயத்தை வாங்கமாட்டேன் என்று கதவடைத்தால் ஜெனிவாவுக்குப் போகலாம். கரிச் சீட்டு சரக்கா, சேவையா, இரண்டும் இல்லையா என்பதே அங்கே தீர்ப்பாகாத கேள்வி. யாரும் வழக்குப் போடவில்லை.

சீபாமுக்கு எதிராக வழக்கு வந்துவிட்டது. 2025 மே மாதம் ரஷ்யா தொடுத்தது. ஆனால் கீழ்க் குழு என்ன சொன்னாலும், தோற்றவர் மேல்முறையீடு என்று ஒரு காகிதம் கொடுத்தால் வழக்கு அப்படியே தொங்கும். நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா ஒத்துக்கொள்ளாததால், 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமைப்பு செயல்படவில்லை. ஆமை வழக்கில் தீர்ப்புச் சொன்ன அதே அமைப்பு.

ஆக, தீர்ப்புக்குக் காத்திருப்பதைவிட அந்தக் கழிவு விதியைப் பார்ப்பதுதான் பிழைக்கிற வழி. இங்கே நாமே வாங்கிய பணம் பிரஸ்ஸல்ஸுக்குப் போகாது. ஆனால் எந்தப் பெயரில் வாங்கினோம் என்பது முக்கியம். 2010ல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் என்று செஸ் போட்டோம். 2016க்குள் அது 400 ஆயிற்று. உலகத்துக்கே முன்மாதிரி என்று சொல்லத் தக்கது. 2017ல் அதை ஜி.எஸ்.டி. இழப்பீட்டு செஸ் என்று பெயர் மாற்றி, மாநிலங்களின் வருவாய்த் துண்டை அடைக்கப் பயன்படுத்தினோம். 2025 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டு நிலக்கரிக்கு ஜி.எஸ்.டி.யை 5லிருந்து 18 சதவீதமாக்கினோம். ஐரோப்பியச் சட்டம் கழித்துக் கொடுப்பது, புகையைக் குறைக்கும் திட்டத்தின் கீழ் கொடுத்த விலையை. ஜி.எஸ்.டி. ரசீதைக் காட்டினால் கழிக்கமாட்டார்கள்.

நமக்கும் ஒரு புகைச் சந்தை வருகிறது. 2022ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜூனில் கரி வரவு வர்த்தகத் திட்டத்தை அறிவித்தார்கள். 2025 அக்டோபரில் முதலில் இலக்கு வைக்கப்பட்டவை அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகித ஆலைகள். அந்த முதல் பட்டியலில் இரும்பு இல்லை. நம் திட்டத்தில் மொத்தப் புகைக்கு உச்சவரம்பு கிடையாது. ஒரு டன் சரக்குக்கு இவ்வளவு புகை என்றுதான் இலக்கு. வளரும் நாட்டுக்கு அது பொருத்தமே. ஆனால் இலக்கைத் தொட்ட ஆலை ஒரு பைசாவும் கட்டவேண்டியதில்லை. கட்டாத பணத்துக்கு ஐரோப்பாவில் கழிவு எப்படிக் கிடைக்கும்? இலக்கைத் தவறவிட்டு வரவு வாங்கிய ஆலைக்குத்தான் கழிவு, அதுவும் நம் சந்தை விலைக்கு. அந்த விலையை ஐரோப்பிய விலைக்கு ஏற்றினால் ஏற்றுமதியாகும் கொஞ்சம் இரும்புக்காக உள்ளூரில் வீடு கட்டுகிறவர் வாங்கும் கம்பிக்கும் விலை ஏறும். ஏற்றாவிட்டால் மிச்சம் பிரஸ்ஸல்ஸுக்கு. நிதி அமைச்சகம் எந்தப் பக்கம் சாயும் என்று நான் ஜோசியம் சொல்லப்போவதில்லை. ஆனால் பெரிய ஆலைகளின் புகைக் கணக்கை ஸ்டாக்கிஸ்ட் வழியாகக் கடைசிப் பட்டறைவரை கொண்டுசேர்க்க ஒரு விதி போடலாம். கம்பிச் சுருளோடு தரச் சான்று தருகிறார்கள். அதே காகிதத்தில் புகைக்கும் ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமல்ல. 2024 டிசம்பரில் உருக்கு அமைச்சகம் டன்னுக்கு 2.2 டன்னுக்குக் குறைவாகப் புகை விட்டால் 'பசுமை உருக்கு' என்று வரையறுத்து நட்சத்திரமும் கொடுத்திருக்கிறது. நட்சத்திரம் கொடுக்க முடிந்தவர்களுக்கு எண் கொடுக்க முடியாதா?

பிரிட்டனும் தன் சொந்த சீபாமை 2027 ஜனவரி 1 முதல் தொடங்குவதாக அறிவித்திருக்கிறது. 2025 ஜூலையில் நாம் கையெழுத்திட்ட பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தில் இதற்கு விலக்கு இல்லை. அவர்கள் சீட்டு, கூப்பன் என்று சுற்றி வளைக்கவில்லை. வரி என்றே பெயர் வைத்து, வருவாய்த் துறையிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.